கையில் ஆபரேட்டர், காகிதத்தில் ஹெல்பர்

காரிமங்கலத்துக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூ முடித்த உங்கள் தம்பி, ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையில் ஒப்பந்ததாரர் வழியாகச் சேர்ந்து 6 ஆண்டுகள் ஆகின்றன. சிஎன்சி, அதாவது கணினி வழிநடத்தும் கடைசல் இயந்திரம் ஓட்டுகிறார். இடையில் அரசுத் திட்டங்களின்கீழ் நடந்த இரண்டு குறுகிய காலப் பயிற்சிகளுக்கும் போய்ச் சான்றிதழ் வாங்கியிருக்கிறார். ஆனாலும் சம்பளம் 14,000 ரூபாயைத் தாண்டவில்லை. அவருக்குப் பின்னால் வந்த டிப்ளமா பையன் அவருக்கே சூப்பர்வைசராக நிற்கிறான். இப்போது மூன்று மாதப் பயிற்சி ஒன்றுக்கு ஆள் சேர்க்கிறார்கள், வேலையை விட்டுவிட்டு அதில் சேரலாமா என்பது உங்கள் கேள்வி. திருமணத்தோடு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி வேலையை விட்ட நீங்கள் திரும்பவும் உள்ளே நுழைய வழி உண்டா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். அதைக் கடைசி வரியில் வைத்திருக்கத் தேவையில்லை.

வேலையை விட்டுவிட்டு அந்தப் பயிற்சியில் சேர வேண்டாம் என்பதே என் பதில். பயிற்சி வீண் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. தொழிற்பயிற்சி நிலையமான ஐடிஐ-யில் பயிற்றுநராகவும், பின்னர் சில ஆலைகளின் பயிற்சிப் பிரிவிலும் இருந்து என் வாழ்நாளைக் கழித்தவன் அப்படிச் சொல்ல மாட்டேன். உங்கள் தம்பிக்குக் குறைவாக இருப்பது திறமை அன்று. அவர் ஏற்கெனவே கற்றுக்கொண்ட வேலை எந்தக் காகிதத்திலும் அவர் பெயரில் ஏறவில்லை. ஒப்பந்ததாரரின் பதிவேட்டில் அவர் இன்னமும் ஹெல்பராகத்தான் இருப்பார். குறைந்தபட்ச ஊதிய அட்டவணையில் திறன் பெறாதவருக்கு ஒரு தொகை, திறன் பெற்றவருக்கு அதைவிடக் கூடுதலாக ஒரு தொகை என்று இருப்பதால், ஆளை ஹெல்பர் என்றே எழுதி வைப்பதில் யாருக்கோ மாதாமாதம் ஆதாயம் இருக்கிறது. மூன்றாவது சான்றிதழ் அந்த எழுத்தை மாற்றாது.

இந்த வட்டாரத்தில் எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஓசூரில் 1970-களில் அரசின் தொழிற்பேட்டையான சிப்காட் வளாகம் அமைந்து, 1980-களின் தொடக்கத்தில் அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும், அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் டைட்டனும் உற்பத்தியைத் தொடங்கியபோது ஓசூர் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல்தான். கடிகாரத்தின் உள்ளே எத்தனை பல்சக்கரம் இருக்கும் என்றே அறியாத, பள்ளிப்படிப்பு மட்டும் முடித்த கிராமத்துப் பிள்ளைகளை எடுத்து, ஆலையே பழக்கி, அங்கேயே வேலையும் கொடுத்த காலம் அது. பயிற்சி, நியமனம், பதவி உயர்வு ஆகிய மூன்றும் ஒரே கூரையின்கீழ் ஒரே கையிடம் இருந்தன. சேரும்போது என்ன படித்திருந்தோம் என்பதைவிட, சேர்ந்த பின் என்ன கற்றுக்கொண்டோம் என்பதை மேலதிகாரி தன் கண்ணால் பார்த்தார். இன்று பயிற்சி ஒருவரிடமும் நியமனம் மற்றொருவரிடமும் வேலை வாங்குவது மூன்றாமவரிடமுமாகப் பிரிந்து கிடக்கிறது. உங்கள் தம்பியின் வேலையைத் தினமும் பார்க்கும் லைன் இன்சார்ஜுக்கு அவருடைய சம்பளத்தை உயர்த்தும் அதிகாரம் கிடையாது. சம்பளம் போடும் ஒப்பந்ததாரர் அவர் வேலை செய்து ஒரு நாளும் பார்த்தது கிடையாது. ஏணியின் இரண்டாவது படி காணாமல் போனதற்கு இதைவிடப் பெரிய காரணத்தை நான் அறியேன்.

அந்த இரண்டாவது படி எது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு சிஎன்சி ஓட்டுகிறவர்கள் எல்லாரும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். ஆபரேட்டர் என்று நாம் சொல்பவர் பெரும்பாலும் செய்வது, பீஸை மாட்டுவது, கதவை மூடி பட்டனை அழுத்துவது, வெளியே வந்ததைக் கேஜ் வைத்துப் பார்ப்பது, விளிம்பில் நிற்கும் பிசிறை (பர்) எடுப்பது, உலோகச் சுருளை (சிப்ஸ்) அள்ளுவது. இதைப் பத்து நாளில் பழகிவிடலாம். ஆகவே இந்த இடத்தில் நிற்பவரை ஒரு நாளில் மாற்றியும் விடலாம். அவருக்கு அடுத்த படியில் இருப்பவர் செட்டர். ஒரு ஜாப் முடிந்து வேறு ஜாப் ஏறும்போது பீஸைப் பிடிக்கும் சக்கின் தாடையை மாற்றிக் கடைந்து, டூல்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் ஆஃப்செட்டையும் (டூல் நிற்கும் இடத்தின் திருத்த அளவு) எடுத்து, முதல் பீஸை அளந்து, தரப் பிரிவின் ஒப்புதல் வாங்கி, பின்புதான் இயந்திரத்தை ஆபரேட்டரிடம் விடுவார். ஓடிக்கொண்டிருக்கும் ஜாப்பில் டூலின் வெட்டு முனையான இன்சர்ட் தேய்ந்து வெளிவிட்டம் 0.02 மில்லிமீட்டர் கூடிவிட்டால், எக்ஸ் அச்சின் தேய்மானத் திருத்தத்தில் அந்த அளவைக் கழித்து மறுபடியும் வரம்புக்குள் கொண்டுவருகிறவரும் அவரே. ரிஜெக்‌ஷன் எவ்வளவு என்பது பெரும்பாலும் அவர் கையில் இருப்பதால் அவரை ஒரே நாளில் மாற்ற முடியாது. மாற்ற முடியாதவருக்குத்தான் சம்பளம் கூடும். தொழிற்பேட்டையின் கணக்கு அவ்வளவுதான். செட்டருக்கு மேலே புரோகிராம் எழுதுகிறவர் இருக்கிறார். அது இன்னொரு படி, இப்போதைக்கு அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

செட்டர் வேலையை ஏன் 6 ஆண்டுகளாக உங்கள் தம்பி பிடிக்கவில்லை? ஒருவேளை பிடித்திருக்கலாம், நீங்கள் எழுதவில்லை. பிடிக்காமல் இருந்தால், அதற்குச் சோம்பல் காரணமாக இருக்க வாய்ப்பில்லை. ஒரு ஷிஃப்ட்டுக்கு இத்தனை பீஸ் என்ற இலக்கு தலைக்கு மேல் நிற்கும்போது, இயந்திரம் நின்றிருக்கும் நேரம் முழுக்க நட்டக் கணக்கில் எழுதப்படுகிறது. கற்றுக்கொள்வதற்கோ இயந்திரம் நின்றிருக்கும் அந்த நேரம்தான் வேண்டும். செட்டரும் தன் பிழைப்பைப் பங்கு போட்டுக்கொடுக்க எளிதில் முன்வர மாட்டார்; அவரைக் குறை சொல்லவும் முடியாது. இதற்கு மேல் பயணம் ஒன்று இருக்கிறது. காரிமங்கலத்திலிருந்து ஓசூர் 70 கிலோமீட்டருக்கு மேல். காலை 6 மணி ஷிஃப்ட்டுக்குக் கம்பெனி பஸ் 4 மணிக்கே வந்து நிற்கிறது. எட்டு மணி நேர வேலைக்கு பன்னிரண்டு மணி நேரம் வெளியே இருக்கிற ஒருவர், ஷிஃப்ட் முடிந்ததும் அந்த பஸ்ஸை விட்டால் ஊர் திரும்ப வழியில்லாதவர், ‘கொஞ்சம் நின்று கற்றுக்கொண்டு போ’ என்று செட்டர் மனமிரங்கிக் கூப்பிட்டாலும் நிற்க முடியாது. பேட்டைக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்கியிருக்கும் பையன் நிற்பான், கற்றுக்கொள்வான். நான் பார்த்தவரை, ஒரே நாளில் சேர்ந்த இருவரில் ஒருவர் மேலே போனதற்கும் மற்றவர் அங்கேயே நின்றதற்கும் இந்த பஸ் நேரம் காரணமாக இருந்ததுண்டு. எந்தத் திட்ட அறிக்கையிலும் இது தடை என்று எழுதப்படுவதில்லை.

இதற்கு உங்கள் தம்பி செய்யக்கூடியது ஒன்றுண்டு, செலவில்லாதது. இரவு ஷிஃப்ட்டில் ஜாப் மாற்றம் வரும் நாள்களில் செட்டருக்கு டூல் எடுத்துக் கொடுக்கும் வேலையைத் தானாகக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். ஒரு சட்டைப்பை நோட்டில் தினமும் நான்கு வரி எழுதட்டும்: என்ன ஜாப், எந்த அளவு எவ்வளவு விலகியது, எந்த ஆஃப்செட்டில் என்ன மாற்றினார்கள், அதன் பின் என்ன அளவு வந்தது. ட்ராயிங் ஆங்கிலத்தில் இருக்கிறது என்று பயந்து ஒதுங்குகிற பிள்ளைகள் நிறைய. ஆனால் ட்ராயிங்கில் எழுத்தைவிடக் குறியீடுதான் அதிகம், குறியீட்டுக்கு மொழி கிடையாது. குறுக்கே கோடு போட்ட வட்டம் விட்டத்தைக் குறிக்கும் என்று தெரிந்துகொள்ள ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போக வேண்டியதில்லை.

இனி அவருடைய வேலை நிலையைப் பற்றி. தமிழ்நாட்டில் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. தொழில் நிறுவனங்களில் வேலை செய்வோருக்கு நிரந்தரத் தகுதி வழங்குவதற்கான அந்தச் சட்டத்தின்படி, 24 மாத காலத்துக்குள் 480 நாள்கள் தொடர்ச்சியாகப் பணிபுரிந்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும். வேறு பல மாநிலங்களில் இப்படி நேரடியான சட்டம் கிடையாது. உங்கள் தம்பியின் 6 ஆண்டுகள் அந்தக் கணக்கைப் பலமுறை தாண்டியிருக்கும். அப்படியானால் அவர் ஏன் நிரந்தரமாகவில்லை என்று கேட்பீர்கள். நாள்கள் சேருவதற்குள் ஒப்பந்ததாரரின் பெயர் மாறும். அதே இயந்திரம், அதே இடம், அதே சீருடை, ஆனால் சம்பளச் சீட்டில் வேறு பெயர். அல்லது ‘பத்து நாள் வீட்டில் இரு, கூப்பிடுகிறோம்’ என்பார்கள். ஒப்பந்ததாரர் வழியே வந்தவரின் நாள்களை ஆலையின் நாள்களாகச் சேர்த்துக் கணக்கிட வேண்டுமா என்பதே வழக்குகளில் பெரும் சண்டையாக முடிகிறது, ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது. பணிக்கொடையும் இதே கதைதான்: 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதற்கு 5 ஆண்டுகள் தொடர்ச்சியான பணி கேட்டார்கள்; நான்காம் ஆண்டில் பெயர் மாறினால் ஐந்தாம் ஆண்டு வருவதே இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், குறிப்பிட்ட காலத்துக்கென நேரடியாக நியமிக்கப்படுவோருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை என்றும், எல்லாத் தொழிலாளருக்கும் நியமனக் கடிதம் கட்டாயம் என்றும் சொல்கின்றன. இவற்றில் நியமனக் கடிதத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன், ஏனென்றால் அதில் என்ன வேலைக்கு எடுத்தோம் என்று எழுத வேண்டியிருக்கும். உங்கள் தம்பி அதைக் கேட்க வேண்டும். அதில் ஹெல்பர் என்று இருந்தால், ஓட்டும் இயந்திரத்தின் பெயரைச் சொல்லி, பணிவாக, ஆனால் எழுத்தில், திருத்தக் கேட்க வேண்டும்.

பழகுநர் என்ற பெயரில் எடுப்பதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், தம்பிக்கு அடுத்து யாராவது வீட்டிலிருந்து கிளம்பும்போது உதவும். 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தில் பழகுநர் தொழிலாளி அல்லர், பயிற்சி பெறுபவர். பயிற்சி முடிந்தபின் வேலை கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் முதலாளிக்கு இல்லை. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் ஆள்பலத்தில் 2.5 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுக்க வேண்டும் என்று 2019-இல் விதியைத் திருத்தினார்கள். ஒழுங்காக நடத்தினால் இது அருமையான ஏற்பாடு. தேர்வெழுதி வாங்கும் தேசியப் பழகுநர் சான்றிதழை இந்தியாவில் எங்கு கொண்டுபோனாலும் மதிப்பார்கள். ஆனால் ‘டிரெய்னி’ என்ற சொல்லைச் சட்டையில் குத்திக்கொண்டு திரியும் எல்லாரும் பழகுநர் அல்லர். சில ஆண்டுகளுக்கு முன்புவரை வேலை செய்துகொண்டே பயிற்சி என்று சொன்ன நீம் திட்டத்தின் பெயரில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் லைனில் நின்றார்கள். பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) இல்லை, ஈஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) இல்லை, முடிவில் கையில் மிஞ்சியதும் அதிகமில்லை. சேரும்போதே ‘பழகுநர் ஒப்பந்தம் அரசு இணையதளத்தில் பதிவாகுமா, முடிவில் தேர்வு உண்டா’ என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும். பதிலில் தடுமாற்றம் தெரிந்தால் அது பயிற்சி அன்று, மலிவான வேலை.

அரசின் குறுகிய காலப் பயிற்சிகளை இகழ்ந்து பேசுவது சிலருக்கு வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. வீட்டை விட்டு வெளியே வேலைக்கே போகாத பிள்ளையை, பென்னாகரத்திலிருந்தோ அஞ்செட்டியிலிருந்தோ முதன்முதலாக ஓர் ஆலை வாசல் வரை கொண்டுவந்து நிறுத்த அவை உதவுகின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டமாகத் தருமபுரி இருந்தது என்பதை நினைத்தால், அந்த வாசல்வரை வருவதே சிறிய காரியம் அன்று. ஆனால் அவை முதல் படிக்காக வடிவமைக்கப்பட்டவை. பல திட்டங்களில் பயிற்சி நிலையத்துக்கு அரசு தரும் பணத்தின் ஒரு பகுதி, எத்தனை பேரை வேலையில் சேர்த்தார்கள் என்பதைப் பொறுத்தது. சேர்ந்தவர் மூன்றாம் ஆண்டில் எங்கே நின்றார் என்பதை யாரும் கேட்பதில்லை. ஆகவே ஏற்கெனவே வேலையில் இருப்பவர் மறுபடியும் அந்த வரிசையில் நின்றால், முதல் படியிலேயே மறுபடியும் கால் வைப்பார். உங்கள் தம்பிக்கு அது இரண்டு முறை நடந்துவிட்டது. மூன்று மாதம் வேலையை விட்டால் இழப்பது 42,000 ரூபாய். குழுக் கடனுக்கு வாரத் தவணை கட்டும் வீட்டில் இந்தத் தொகை எங்கிருந்து வரும் என்று பயிற்சிக்கு ஆள் சேர்க்க வருபவர் கேட்டிருக்க மாட்டார். கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தின் மூலம் நடக்கும் திறன் பயிற்சியில் ஊதிய இழப்பீடு தருகிறார்கள்; அந்த ஒரு ஏற்பாடு ஆலைத் தொழிலாளிக்கும் இருந்தால் என் பதில் வேறு விதமாக இருந்திருக்கும்.

வேலையை விடாமலே செய்யக்கூடியது ஒன்றிருக்கிறது, இங்கே பலர் அறியாதது. ஐடிஐ-யில் உட்கார்ந்து படிக்காதவரும், 21 வயது நிறைந்து, அந்தத் தொழிலில் 3 ஆண்டு அனுபவம் இருந்தால், அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். முதனிலைத் தேர்வு ஒன்றில், எழுத்திலும் செய்முறையிலும், தேறினால் முதன்மைத் தேர்வுக்கு அனுமதிப்பார்கள்; அதிலும் தேறினால் கிடைப்பது ஐடிஐ மாணவர்கள் வாங்கும் அதே தேசியத் தொழிற்சான்றிதழ். வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை ஆண்டுதோறும் விண்ணப்பம் கேட்கிறது. தருமபுரியிலோ ஓசூரிலோ உள்ள அரசு ஐடிஐ-யில் முதல்வர் அலுவலகத்தில் விசாரித்தால் தேதி தெரியும். மெஷினிஸ்ட், டர்னர், ஃபிட்டர் போன்ற பிரிவுகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். வெல்டருக்கு எட்டாம் வகுப்பே போதும். உங்கள் தம்பிக்கு மெஷினிஸ்ட் அல்லது டர்னர் பிரிவு பொருந்தும். ஒரு எச்சரிக்கை: சிஎன்சி ஓட்டுவது வேறு, சாதாரண லேத்தில் நின்று கையால் மரை வெட்டுவது வேறு. செய்முறைத் தேர்வில் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் கேட்பார்கள். 6 ஆண்டு அனுபவத்தை நம்பி நேரே போய் நின்று, டூலைத் தீட்டத் தெரியாமல் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ப்பக்கம் ஒரு லேத் பட்டறையில் ஆறு மாதம் கை பழகிவிட்டுப் போக வேண்டும். பட்டறைக்காரர்கள் பெரும்பாலும் நல்லவர்கள், கூட ஒரு கை கிடைத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

அந்தச் சான்றிதழ் கைக்கு வந்தபின் கதவுகள் அடுத்தடுத்துத் திறக்கின்றன. ஐடிஐ தேர்ச்சி பெற்றவர் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு சேரலாம் என்ற விதி இருக்கிறது. உங்கள் தம்பிக்கு விண்ணப்பிக்கும் ஆண்டின் தகுதி நிபந்தனைகளை மட்டும் கிருஷ்ணகிரி அரசு பாலிடெக்னிக்கில் நேரில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். சூப்பர்வைசர் வேலைக்கு டிப்ளமா கேட்கிறார்கள் என்பதுதானே உங்கள் ஆற்றாமை. உறவில் யாராவது பத்தாம் வகுப்போடு நின்று ஐடிஐ-யில் இரண்டாண்டு முடித்திருந்தால், தமிழ், ஆங்கிலம் ஆகிய இரண்டு தாள்களை மட்டும் எழுதிப் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான சான்று பெறலாம் என்பதையும் சொல்லி வையுங்கள்.

ஆனால் சூப்பர்வைசர் என்ற சொல்லின் மீது இவ்வளவு ஆசை வேண்டுமா என்று யோசியுங்கள். பழைய தொழில் தகராறுகள் சட்டத்தில், மேற்பார்வைப் பணியில் இருந்து மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் வாங்கியவர் தொழிலாளி என்ற வரையறைக்குள் வரவில்லை. புதிய தொகுப்பில் அந்த வரம்பை 18,000 ஆக்கியிருக்கிறார்கள். அதாவது 19,000 சம்பளத்தில் சூப்பர்வைசர் ஆகிறவர் இருமடங்கு ஓவர்டைமை இழப்பார், பணிநீக்கத்தை எதிர்த்துத் தொழிலாளியாக வழக்காடும் வழியையும் இழப்பார். தொப்பியின் நிறம் மட்டும் மாறியிருக்கும். சட்டம் பெயரைப் பார்ப்பதில்லை, செய்யும் வேலையைத்தான் பார்க்கும் என்று வாதாடலாம். வாதாட வக்கீல் வேண்டும். ஈஎஸ்ஐ-யிலும் இப்படி ஒரு விளிம்பு இருக்கிறது. 21,000 ரூபாய் வரைதான் அதில் இருக்கலாம். தொழிலாளி கட்டுவது சம்பளத்தில் 0.75 விழுக்காடு; அதற்குக் குடும்பம் முழுமைக்கும் மருத்துவம். சம்பளம் 21,500 ஆனால், அந்தப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் வெளியே வந்துவிட வேண்டும். வீட்டில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கும் நிலையில் பதவி உயர்வை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த ஒருவரை நான் அறிவேன். ஆலையில் அவருக்கு முன்னேறும் எண்ணமே இல்லை என்று பேசிக்கொண்டார்கள். உங்கள் தம்பி இப்போதைக்குக் குறிவைக்க வேண்டியது செட்டர் என்ற தொழில் நிலை. சூப்பர்வைசர் என்ற பட்டம் அன்று. ஐந்நூறு ரூபாய் உயர்வுக்காக விளிம்பைத் தாண்டாமல், தாண்டுவதானால் நன்றாகத் தாண்ட வேண்டும்.

இன்னொன்று, ஓவர்டைம். 2023 ஏப்ரலில் வேலை நேரத்தை 12 மணி நேரம் வரை நீட்டிக்கும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது நினைவிருக்கும். திருத்தம் போய்விட்டது, சிறு பட்டறைகளில் 12 மணி நேரம் போகவில்லை. கூடுதல் நான்கு மணி நேரத்துக்குக் கிடைக்கும் பணம் இன்றைய தேவையைத் தீர்க்கிறது, ஆனால் படிக்க வேண்டிய மாலையை அதுதான் தின்கிறது. அதை விடு என்று என்னால் சொல்ல முடியாது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் விட முடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இப்போது உங்களுடைய கேள்வி. தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நம் இரு மாவட்டங்களிலும் எலக்ட்ரானிக்ஸ், மின்சார வாகன ஆலைகள் வந்தபின் பெண்களுக்கு வேலை பெருகியிருக்கிறது என்பது உண்மை. ராயக்கோட்டை, உத்தனப்பள்ளிப் பக்கம் காலையில் பஸ் பஸ்ஸாகப் பெண் பிள்ளைகள் போவதைப் பார்க்கிறோம். ஆனால் ஆள் எடுக்கும் விளம்பரங்களில் 18 முதல் 24, மிஞ்சினால் 28 என்று வயது போட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பதினெட்டில் சேர்ந்து, இருபத்திரண்டில் திருமணமாகி நின்றுவிடுவாள் என்று கணக்கிட்டுத்தான் அந்த வேலைகள் அமைக்கப்பட்டிருக்கின்றன என்பது என் கருத்து. நான்காண்டில் போய்விடப் போகிறவளுக்குச் செட்டிங் எதற்கு என்று நினைக்கிறார்கள். அதனால் பெண்கள் லைனிலிருந்து தரப் பரிசோதனைக்கு நகர்வதே பெரிய உயர்வாகிவிட்டது. கட்டணமில்லா டவுன் பஸ் பகலில் கைகொடுக்கிறது. இரவு பத்தரைக்கு ஷிஃப்ட் விடும்போது அது இருக்காது. குழந்தை பிறந்தபின் திரும்பி வருவோருக்கு 26 வாரப் பேறுகால விடுப்பும், 50 பேருக்கு மேல் இருக்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் சட்டத்தில் உண்டு. ஒப்பந்ததாரர் பெயரில் இருப்பவர் எந்த வாசலில் போய் அதைக் கேட்பது என்பதில்தான் சிக்கல்.

நீங்கள் திரும்ப நுழைய மறுபடியும் லைன் வேலைக்குப் போட்டியிடுவதைவிட, ஐடிஐ-யில் சேருவதே நல்லது என்று நினைக்கிறேன். அரசு ஐடிஐ-களில் பெண்களுக்கு வயது உச்சவரம்பு இல்லை. கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் கிடைக்கும். 71 அரசு ஐடிஐ-களில் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து அரசு நவீன இயந்திரக் கூடங்களை அமைத்திருக்கிறது. உங்களுக்கு அருகிலுள்ள ஐடிஐ-யில் அந்தக் கூடம் இருந்தால், தயங்காமல் அந்தப் பிரிவுகளையே கேளுங்கள். ஓராண்டுப் பிரிவுகளும் உண்டு. முன்பு வேலை பார்த்தபோது பிடித்த பிஎஃப் பணத்தை எடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. திருமணச் செலவுக்கு என்று முழுவதையும் எடுத்துவிடுவது இங்கே வழக்கம். எடுக்கவில்லையென்றால், ஓய்வூதியப் பகுதியைத் தொடாமல் பணிக்காலத்தைக் காட்டும் திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 10 ஆண்டுப் பணி சேர்ந்தால் ஓய்வூதியம் உண்டு. நீங்கள் முன்பு வேலை பார்த்த ஆண்டுகளும் அதில் சேரும். மறுபடி வேலைக்குப் போகும்போது ‘முன் அனுபவம் இல்லாதவள்’ என்று யாரும் எழுத முடியாது.

அந்த பிஎஃப் கணக்குதான் உங்கள் தம்பிக்கும் கைகொடுக்கப் போகிறது. தனித்தேர்வராக விண்ணப்பிக்க அனுபவச் சான்று கேட்பார்கள். ஒப்பந்ததாரர் கொடுக்க மாட்டார், அல்லது ஹெல்பர் என்று கொடுப்பார். பிஎஃப் உறுப்பினருக்குரிய யுஏஎன் எண்ணை வைத்துப் பணி வரலாற்றை எடுத்தால், 6 ஆண்டுகளில் எத்தனை ஒப்பந்ததாரர் பெயர் மாறியது, எந்தத் தேதியில் சேர்ந்தார், எந்தத் தேதியில் விலகியதாகக் காட்டியிருக்கிறார்கள் என்பது முழுவதும் வரும். ஒரு பெயரில் விலகிய நாளுக்கும் அடுத்த பெயரில் சேர்ந்த நாளுக்கும் நடுவே எத்தனை நாள் இடைவெளி என்று ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். 480 நாள் கணக்கை எப்போதாவது எடுக்க நேர்ந்தால் தொழிற்சங்கக்காரரும் வக்கீலும் முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான். அனுபவச் சான்றுக்கு ஒப்பந்ததாரரிடம் போவதற்கு முன், ஆலையின் லைன் இன்சார்ஜிடமோ தரப் பிரிவிலோ, உங்கள் தம்பி கையெழுத்துப் போட்ட ஆய்வுச் சீட்டுகளில் இயந்திர எண்ணும் ஆபரேட்டர் என்ற இடத்தில் அவர் பெயரும் இருப்பதைச் சுட்டிக்காட்டி, ‘இந்த இயந்திரத்தில் இத்தனை ஆண்டு வேலை செய்கிறார்’ என்று ஒரே வரியில் எழுதித் தரக் கேட்கலாம். கம்பெனி லெட்டர்ஹெட்டில் மனிதவளப் பிரிவு தராததைச் சில நேரங்களில் தொழிற்கூடத்துக்காரர்கள் தந்துவிடுவார்கள். அவர்களுக்கு உண்மை தெரியும்.

விண்ணப்பிக்கும் முன் பெயரைச் சரிபார்த்துவிடுங்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழில் அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால், ஆதாரில் பின்னால், பிஎஃப்-இல் முதலெழுத்தே இல்லை என்று மூன்று விதமாக இருப்பது நம் பக்கம் சர்வ சாதாரணம். பிறந்த தேதியும் பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் போட்டது ஒன்று, மருத்துவமனைப் பதிவில் இருப்பது ஒன்று. விண்ணப்பத் தேதி அறிவித்தபின் இதைத் திருத்த ஓடினால் அந்த ஆண்டு போய்விடும். இப்போது தேதி எதுவும் நெருக்கவில்லை. பாலக்கோட்டிலோ கிருஷ்ணகிரியிலோ ஆதார் மையத்தில் ஒரு விடுமுறை நாள் காலையைச் செலவிட்டு, முதலில் ஆதாரைப் பள்ளிச் சான்றிதழுக்கு ஏற்பத் திருத்தி, பின்பு பிஎஃப்-ஐ ஆதாருக்கு ஏற்பத் திருத்தச் சொல்லுங்கள். வரிசையை மாற்றிச் செய்தால் இரண்டு முறை அலைய நேரும்.